கண்வலிக்கிழங்கு (செங்காந்தள்) கொடி மக்கர் பண்ணுதா? என்ன தெரியுதோ அத வச்சு சரி பண்ணுங்க

கண்வலிக்கிழங்கு, செங்காந்தள், கார்த்திகைப்பூ, எந்தப் பேரச் சொன்னாலும் கொடி ஒண்ணுதான், வார கோளாறும் வருஷா வருஷம் அதேதான். கல்லிடைக்குறிச்சிலருந்து ராதாபுரம் வரைக்கும் நம்மகிட்ட கிழங்கு வாங்கிட்டுப் போனவங்க ஆடியில போன் பண்ணி "அண்ணாச்சி முளைக்கலயே"ம்பாங்க, கார்த்திகையில "பூவா பூக்கு, ஒரு காய் இல்ல"ம்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிட்டேன். உங்க கொடியில என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. காசு செலவில்லாத காரணம் முதல்ல, செலவு வைக்கது கடைசில. முக்காவாசி கேஸுக்கு மருந்துக் கடைப் பக்கமே போகவேண்டாம், தண்ணியும் கிழங்கோட நுனியும்தான் பிரச்சினையா இருக்கும்.

கை வைக்கதுக்கு முன்னாடி ஒண்ணு. இது முழுக்க முழுக்க விஷம், கிழங்கும் விதையும் ரெம்ப. இதுல இருக்க கோல்சிசின்லதான் கவுட் வாதத்துக்கு மாத்திரை பண்ணுதாங்க, அளவு தப்புனா அதே ஆளக் கொல்லும். கிழங்கத் தொடும்போது, நறுக்கும்போது, விதை உதிர்க்கும்போது கையுறை போட்டுக்கோங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கழுவுங்க, அந்தக் கையோட வெத்தலை போடாதீங்க. எடுத்த கிழங்க சேனை, சர்க்கரைவள்ளி கிடக்க இடத்துல போட்டுறாதீங்க, தெரியாதவங்க குழம்புல போட்டுருவாங்க.

யாராவது தின்னுட்டாங்க

இதுக்கு மட்டும் வீட்டு வைத்தியம் கிடையாது. வாந்தி வருதான்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க, வாந்தி வயித்தால போறதெல்லாம் ஆரம்பிக்கவே சில மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் ஆள் நல்லாத்தான் இருப்பாரு. உடனே 108-க்கு அடிங்க, இல்ல பக்கத்துல இருக்க பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நம்ம திருநெல்வேலி ஜில்லான்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி. தின்ன கிழங்குல மிச்சம் இருந்தா கவர்ல போட்டு கையோட கொண்டு போய் டாக்டர்ட்ட "கண்வலிக்கிழங்கு"ன்னு பேரச் சொல்லிக் காட்டுங்க, இல்லன்னா சாதாரண புட்பாய்சன்னு நினைச்சிருவாங்க. உப்புத்தண்ணி குடிச்சு வாந்தி எடுக்க வைக்க வேலையெல்லாம் வேண்டாம். வயித்தால போறது நின்னாலும் டாக்டர் சொல்லாம வீட்டுக்கு வந்துராதீங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சும் இது வேலையக் காட்டும். ஆடு மாடு கடிச்சிருந்தா கால்நடை டாக்டர், இல்லன்னா 1962.

கிழங்கு நட்டாச்சு, முளையே வரல

*எந்த மாசம் நட்டீங்க?* தை மாசி பங்குனியில நட்டிருந்தா பேசாம விட்டுருங்க. அது தூங்குத காலம், மண்ண வறட்சியா போட்டு வச்சிருந்தா ஆனி ஆடியில தானா முழிச்சுக்கும். இந்த நேரத்துல முளைக்கலயேன்னு தெனமும் தண்ணி ஊத்துனா தூங்குத கிழங்கு அழுகிப் போகும். தென்காசி, செங்கோட்டை பக்கம் சாரல் விழுந்ததும் கண்ணு முழிக்கும், நாங்குநேரி வள்ளியூர் பக்கம் கொஞ்சம் லேட்டாகும்.

*ஆனி ஆடியில நட்டு ஒரு மாசம் தாண்டிருச்சா?* விரலால மட்டும் மண்ண ஒதுக்கிப் பாருங்க, களைக்கொத்து மண்வெட்டி எதுவும் வேண்டாம். பாதிப் பேரு செத்துப் போச்சான்னு தோண்டிப் பாக்கதுலதான் முளைய முறிக்காங்க. கிழங்கு எத்தனை விரக்கடை ஆழத்துல கெடக்குன்னு பாருங்க, நாலு விரல் மொத்தம் மண்ணு மேல இருந்தா போதும், அதாவது 6, 7 சென்டிமீட்டர். ஒரு சாண் ஆழத்துல புதைச்சிருந்தா மேல இருக்க மண்ண கொஞ்சம் எடுத்துவிடுங்க, அவ்வளவுதான்.

*ஆழம் சரியா இருக்கு?* நுனியப் பாருங்க. இந்தக் கிழங்கு ரெண்டு கையா வளைஞ்சு இருக்கும், ஒவ்வொரு கையோட நுனியிலயும் கண்ணு ஒண்ணே ஒண்ணு. உருளைக்கிழங்கு கணக்கா உடம்பெல்லாம் கண்ணு கெடையாது, நடுவுல ரெண்டா மூணா நறுக்கி நட்டா நுனித் துண்டு மட்டும்தான் முளைக்கும், மத்ததெல்லாம் எருதான். நுனியில வெளிறுன சின்ன மேடு தெரிஞ்சா உயிர் இருக்கு, மூடிட்டு இன்னும் காத்திருங்க. நுனி உடைஞ்சு கருப்பா காய்ஞ்சு போயிருந்தா அந்தக் கை போச்சு, அடுத்த கையோட நுனி முழுசா இருக்கான்னு பாருங்க. ரெண்டும் இல்லன்னா புதுக் கிழங்குதான். சந்தையில மூட்டையா கட்டி தூக்கிப் போட்டு வந்த கிழங்குல இது நிறைய நடக்கும், அதனால வாங்கும்போதே ஒவ்வொண்ணா நுனியப் பாத்து பொறுக்குங்க, கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும்.

*கிழங்க லேசா அமுக்குனா மெத்துன்னு இருக்கா, நாத்தம் அடிக்கா?* அழுகல். கீழ "தண்டு சாயுது"ங்கற தலைப்பப் பாருங்க.

ஒரு சாண், ரெண்டு சாண் வந்த தண்டு திடீர்னு சாஞ்சு வாடிப் போவுது

முதல்ல தண்டு மேல ஒடிஞ்சிருக்கா அடியில அழுகியிருக்கான்னு பாருங்க, ரெண்டும் வேற வேற கதை.

*மேல ஒடிஞ்சிருந்தா* காத்துதான். இந்தக் கொடி தண்டு பாக்கத்தான் பச்சைப்பசேல்னு இருக்கும், மடக்குன்னு ஒடியும். பணகுடி, வள்ளியூர் பக்கமெல்லாம் ஆடிக் காத்து காத்தாடிய சுத்துத சுத்து தெரியும்லா, அதுல பிடிமானம் இல்லாத கொடி நிக்காது. இலையோட நுனியே கம்பியா சுருண்டு பக்கத்துல இருக்கத சுத்திப் பிடிச்சுக்கும், ஆனா தடிச்ச கம்பு, பிவிசி பைப்ப எல்லாம் அதால பிடிக்க முடியாது, அது பிடிக்க அளவுக்கு ஒல்லியா ஏதாவது வேணும். விராலி மாறு, உடைமரக் கிளை, கட்டுக்கம்பி, நைலான் வலை எதுனாலும் சரி. ஆனா நடும்போதே ஊனிருங்க, முளைச்ச பிறகு கம்ப இறக்குனா நேரா கிழங்குலதான் குத்தும். ஒடிஞ்ச தண்டு பக்கத்துல கிளை விட்டா நல்லது, விடலன்னாலும் இலை இருக்க வரைக்கும் வெட்டாதீங்க, அடுத்த வருஷக் கிழங்குக்கு சோறு அதுதான்.

*அடியில, மண்ணு ஒட்டுன இடத்துல பழுப்பா நொதநொதன்னு இருந்தா* அழுகல் நோய். வரிசையா பாருங்க:

தொட்டின்னா அடி ஓட்டை அடைச்சிருக்கா, கீழ தட்டு வச்சு தண்ணி நிக்கான்னு பாருங்க. தட்ட இன்னைக்கே தூர எடுங்க. தினமும் தண்ணி ஊத்துத பழக்கம் இருந்தா நிறுத்துங்க, விரல விட்டுப் பாத்து ரெண்டு கணு காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துனா போதும்.

மண்ணு என்னன்னு பாருங்க. மானூர், கயத்தாறு பக்கத்துக் கரிசலும் ஆத்துப் பாசன வயக்காட்டுக் களியும் இதுக்கு ஆகாது, ஐப்பசி அடைமழையில ரெண்டு நாள் தண்ணி நின்னாலே முடிஞ்சுது. செம்மண்ணு ரெண்டு பங்கு, ஆத்துமணல் ஒரு பங்கு, நல்லா மக்குன சாணி ஒரு பங்கு கலந்து மேட்டுப்பாத்தி போடுங்க. திசையன்விளை தேரி மணல்ல அழுகாது, ஆனா தண்ணியும் நிக்காது எருவும் நிக்காது, அங்கன மக்குன குப்பைய கூடுதலா போடணும்.

அழுகுன செடிய மண்ணோட அள்ளி தூரப் போடுங்க, பக்கத்துச் செடிக்கு அடியில வெள்ளையா நூல் பூசணமோ கடுகு சைஸ்ல உருண்டையோ தெரிஞ்சா பரவுதுன்னு அர்த்தம். அப்பதான் மருந்து: கார்பன்டசிம் லிட்டருக்கு 1 கிராம், இல்ல காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், வேர்ப் பக்கம் நனைய ஊத்துங்க. அடுத்த வருஷம் நடுதுக்கு முன்னாடி டிரைக்கோடெர்மா விரிடிங்கற நல்ல பூஞ்சைப் பொடிய மக்குன சாணில கலந்து குழியில போட்டா இந்தச் செலவே வராது. மருந்து ஊத்துன இடத்துல அதே வாரம் டிரைக்கோடெர்மா போடாதீங்க, அதுவும் பூஞ்சைதான், மருந்து அதையும் சேத்துக் கொன்னுரும்.

ஏக்கர் கணக்குல போட்டவங்க, பத்து செடிக்கு ஒண்ணு போவுதுன்னா மேற்கொண்டு மருந்து வாங்காதீங்க, தோட்டக்கலை ஆபீசரக் கூப்பிட்டுருங்க.

இலை மஞ்சளாவுது

*மார்கழி, தை மாசமா? காய் முத்திட்டா?* சந்தோஷமா இருங்க, கொடி வேலைய முடிச்சுட்டு உக்காருது. தண்ணிய நிறுத்திருங்க. இதுக்குப் போயி யூரியா போடுதவங்கள என்ன சொல்ல.

*வளர காலத்துல அடி இலை மட்டும் மஞ்சளா?* தண்ணி அதிகம், இல்ல எரு பத்தல. தண்ணியக் குறைச்சு பத்து நாள் பாருங்க, அப்புறம் ஒரு கை மண்புழு உரம்.

*கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா?* சுண்ணாம்பு மண்ணு, இல்ல தண்ணி சரியில்ல. இரும்புச் சத்து ஏற மாட்டேங்குது. தெளிக்கதுக்கு முன்னாடி மண்ணயும் தண்ணியயும் டெஸ்ட்டுக்குக் குடுங்க, கார அமில நிலை 6 லருந்து 7 குள்ள இருந்தா இந்தக் கொடிக்கு சுகம்.

*ஓரம் மட்டும் கருகி காகிதமா காயுதா?* கடலோரப் பக்கம், உவரி கூடங்குளம் பகுதியில போர் தண்ணி உப்பா இருக்கும், அதுதான். வெள்ளையா தொட்டி ஓரத்துல உப்பு பூத்திருக்கும் பாருங்க. மழைத்தண்ணியோ குளத்துத் தண்ணியோ கிடைச்சா நல்லா அடியில ஒழுக ஊத்தி உப்பக் கழுவிவிடுங்க. சுருண்டிருக்க இலை நுனி மட்டும் காய்ஞ்சா அத நோயின்னு நினைக்காதீங்க, பிடிக்க எதுவும் கிடைக்காம காய்ஞ்சிருக்கும்.

இலையில பழுப்புப் புள்ளி வந்து பெருசாவுது

அடைமழை காலத்துக் கருகல் நோய். புள்ளி உள்ள இலையக் கிள்ளி எரிச்சுருங்க, சாயங்காலம் இலை மேல தண்ணி தெளிக்கத நிறுத்துங்க, கொடி ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடைஞ்சிருந்தா காத்துப் போக பிரிச்சு விடுங்க. வீட்டுக் கொடி நாலஞ்சுக்கு இதுவே போதும். மழை விடாம புள்ளி கொழுந்துக்கு ஏறுனா மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், மழை வெறிச்ச நேரமாப் பாத்து தெளிங்க. புள்ளியோட சேந்து கொழுந்து நெளிஞ்சு கோணலா போனா இலைப்பேன் இருக்கும், வெள்ளைத் தாளுக்கு மேல கொழுந்த தட்டிப் பாருங்க, ஊசி முனை அளவு பூச்சி ஓடுனா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு அடிங்க.

நேத்து இருந்த இலை இன்னைக்கு இல்ல, தண்டு மட்டும் நிக்கி

ஆடு இல்லன்னா லில்லிப் புழு. கருப்பு உடம்புல வெள்ளையும் செவப்புமா புள்ளி போட்டு பாக்க சோக்கா இருக்கும், பட்டப்பகல்லயே தைரியமா மேஞ்சுக்கிட்டு இருக்கும், இவ்வளவு விஷச் செடிய தின்னுட்டு அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறதுதான் அதிசயம். குஞ்சா இருக்கும்போது ஒரே இலைக்கு அடியில கும்பலா இருக்கும், அந்த ஒரு இலையக் கிள்ளி சோப்புத் தண்ணி வாளியில போட்டா பாதி வேலை முடிஞ்சுது. காலையும் சாயங்காலமும் இலைய திருப்பிப் பாருங்க. வீட்டுல லில்லி, மழைலில்லி வச்சிருந்தா அங்கயும் பாருங்க, அங்கருந்துதான் இங்க வரும். கைக்கு அடங்கலன்னா வேப்பங்கொட்டைக் கரைசல்: லிட்டருக்கு 50 கிராம் கொட்டைய இடிச்சு ராத்திரி ஊறப்போட்டு வடிகட்டி சாயங்காலமா அடிக்கணும். கூட்டுப்புழு மண்ணுக்குள்ள இருக்கும், அதனால ஒரு தடவை ஒழிச்சோம்னு விட்டுராதீங்க.

கொடி கூரை ஏறிட்டு, பூ மட்டும் இல்ல

*கிழங்கு எத்தனை பெருசு போட்டீங்க?* 50, 60 கிராம் இருந்தாத்தான் முதல் வருஷமே பூவும் காயும் நம்பலாம். விரல் தண்டி கிழங்கு இலைய மட்டும் காட்டிட்டுப் போயிரும், அடுத்த வருஷம் வரைக்கும் பொறுங்க. *வெயில் படுதா?* மாமரத்தடியில வச்சுட்டு பூ கேட்டா எப்படி, அரை நாளாவது நேர் வெயில் வேணும். *சாணியும் யூரியாவுமா கொட்டியிருக்கீங்களா?* இலை கரும்பச்சையா தளதளன்னு இருந்தா அதுதான் காரணம், இனி சாம்பல் போதும்.

பூ கொள்ளையா பூக்குது, காயே பிடிக்கல

போன்ல வாரதுல பாதி இதுதான், கொடியில ஒரு கோளாறும் இருக்காது. பூவ பக்கத்துல வச்சு ஒரு தடவை பாத்துட்டா புரிஞ்சுரும். இதழ் ஆறும் மேல மடங்கி நிக்கும். மகரந்தக் காம்பு ஆறும் குடைக்கம்பி கணக்கா வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கும், நுனியில மஞ்சப் பொடி. நடுவுல பச்சையா சின்னக் காய் தொங்கும், அதோட அடியிலருந்து ஒரு குச்சி மடக்குன்னு பக்கவாட்டுல திரும்பி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், நுனி மூணா பிரிஞ்சிருக்கும். அந்த மூணு பிரிவுல பொடி ஒட்டுனாத்தான் காய். குச்சி எதிர்ப்பக்கம் பாத்துக்கிட்டு நிக்கதால தானா ஒட்டாது, பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து உரசணும். மாடித்தோட்டத்துக்கு அதுக எங்க வருது.

அதனால நீங்கதான் தொட்டு விடணும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்துல காலையில ஆள் விட்டு பூவுக்குப் பூ இததான் பண்ணுதாங்க.

காலையில 8 மணிலருந்து 11 குள்ள போங்க. பனி காய்ஞ்சிருக்கணும், மழைத் தண்ணி பூவுல நிக்கக்கூடாது, நனைஞ்ச பொடி உருண்டு போவும். புதுசா விரிஞ்ச பூவாப் பாருங்க: முதல்ல பச்சை கலந்த மஞ்சளா இருக்கும், அப்புறம் மேல்பாதி செவக்கும், கடைசில முழுசும் ரத்தச் செவப்பு. மஞ்சள் இருக்கும்போதே தொட்டுரணும், முழுசா செவந்தபிறகு தொட்டா பிரயோஜனம் ரெம்ப கம்மி, போட்டோ எடுக்கலாம். ஒரு கொடியோட மகரந்தப் பையக் கிள்ளி எடுத்து, விரல்ல தேச்சா மஞ்சப் பொடி ஒட்டுதான்னு பாத்துட்டு, வேற கொடியோட பூவுல அந்த மூணு பிரிவு நுனியில மெல்லத் தடவுங்க. காது குடையுத பட்ஸ், பெயின்ட் பிரஷ் எதுனாலும் சரி. அழுத்த வேண்டாம், குச்சி ஒடிஞ்சா காய் போச்சு. தொட்ட பூவுக்கு ஒரு நூல் கட்டிவிட்டா எது பண்ணுனோம் எது பண்ணலன்னு குழப்பம் வராது.

ஒரு வாரம் பத்து நாள்ல நடுக்காய் தடிச்சு நீள ஆரம்பிச்சா பிடிச்சுட்டு. மஞ்சளாகி சுருங்குனா பிடிக்கல, அடுத்த பூவுல பாருங்க. ஒரே ஒரு கொடிதான் வச்சிருக்கீங்கன்னா அதுலயே ஒரு பூவுலருந்து இன்னொரு பூவுக்குத் தடவிப் பாருங்க, ஆனா ரெண்டு மூணு கிழங்கு வேற வேற இடத்துலருந்து வாங்கி வச்சா காய் பிடிக்கது கண்ணுக்குத் தெரியுத அளவுக்குக் கூடும்.

எல்லாம் சரியா பண்ணியும் பிடிக்கலன்னா பக்கத்துல பூச்சிமருந்து அடிச்சீங்களான்னு யோசிங்க, கடும் வறட்சியும் காய உதுத்துரும்.

விதை போட்டேன், ஒண்ணும் வரல

எப்ப போட்டீங்க? ரெண்டு மாசம்தான் ஆச்சுன்னா தட்டத் தூக்கி எறிஞ்சுறாதீங்க. சில விதை மூணு வாரத்துல வரும், சிலது மூணு மாசம் தாண்டியும் கெடக்கும், நாலு விதை போட்டா நாலும் ஒண்ணா வராது. விதைக்கு மேல இருக்க செவப்புத் தோல தண்ணியில ஊறவச்சு தேச்சு எடுத்துருங்க, அப்புறம் மணலும் மக்குன குப்பையும் கலந்த ஈரத்துல மேலாப்ல போடுங்க. வந்தாலும் முதல் வருஷம் புல்லு மாதிரி ஒரு இலை, மண்ணுக்குள்ள பட்டாணி தண்டி கிழங்கு, அவ்வளவுதான். பூப் பாக்க மூணு நாலு வருஷம் ஆகும். அவசரம்னா சவத்த விடுங்க, கிழங்கு வாங்குங்க.

கிழங்கு பெருகல, எடுக்கும்போது உடையுது

கொடி பச்சையா இருக்கும்போது தோண்டுனா உடையத்தான் செய்யும். தண்டு மொத்தமும் காய்ஞ்சு கையால இழுத்தா தனியா வார வரைக்கும் பொறுக்கணும், நம்ம பக்கம் தை கடைசி மாசின்னு வைங்க. பழைய கிழங்கு சுருங்கிப் போயி பக்கத்துல புதுசு ரெண்டு கையா வந்திருக்கும், நட்ட ஆழத்தவிட கீழயும் போயிருக்கும். அதனால தண்டுலருந்து ஒரு அடி தள்ளி வெட்டி மண்ணோட புரட்டுங்க, நேரா கொத்தாதீங்க. ரெண்டு கையும் சேர முழங்கையில மட்டும் வெட்டணும், ரெண்டு நுனியும் முழுசா வரணும். வெட்டுன வாய்க்கு சாம்பல் தொட்டு நிழல்ல நாலஞ்சு நாள் ஆற விட்டு, காய்ஞ்ச மணல்ல புதைச்சு வைங்க. பாலிதீன் கவர்ல கட்டி வச்சா வேர்த்து அழுகிரும். நடும் முன்ன சூடோமோனாஸ் (நோயத் தடுக்க நல்ல பாக்டீரியா பொடி) லிட்டருக்கு 10 கிராம் கரைச்சு அரை மணி நேரம் முக்கி எடுத்தா நல்லது.

கிழங்கு போன வருஷத்தவிட சின்னதா வந்திருந்தா காய் அளவுக்கு மேல விட்டிருப்பீங்க, இல்ல காயும் முன்னாடி கொடிய அறுத்திருப்பீங்க. ஒரு வருஷம் பூவெல்லாம் கிள்ளிவிட்டுப் பாருங்க, கிழங்கு தேறிரும்.

கிழங்கு பத்தலன்னு பாபநாசம், களக்காடு மலைக்குள்ள போயி தோண்டாதீங்க. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், பாரஸ்ட் கேஸ் ஆயிரும், தோண்டித் தோண்டித்தான் காட்டுல இது அருகிப் போச்சு.

எப்ப, யாருகிட்ட போகணும்

தொட்டிச் செடிக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்ல, மேல உள்ளதுலயே தீந்துரும். நெலத்துல போட்டவங்க மூணு விஷயத்துக்கு மட்டும் தாமதிக்காதீங்க: அழுகல் வரிசையா பரவுது, ஒரே வாரத்துல தோட்டம் முழுக்க கொழுந்து கருகுது, இல்ல ரெண்டு வகை மருந்து அடிச்சும் நிக்கல. முதல்ல உங்க ஒன்றியத்துத் தோட்டக்கலை ஆபீஸ், அங்க ஆள் கிடைக்கலன்னா கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழ்லயே பேசலாம். என்ன நோயின்னே பிடிபடலன்னா கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்கு சாம்பிள் கொண்டு போங்க, தென்காசிப் பக்கம் உள்ளவங்களுக்கு ஊர்மேலழகியான் வேளாண் அறிவியல் நிலையம் கிட்ட. முழுசா செத்த செடி கொண்டு போனா ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, பாதி வாடுன செடிய கிழங்கும் வேர் மண்ணுமா எடுத்து பேப்பர்ல சுத்திக் கொண்டு போகணும். கடைசியா என்ன மருந்து எந்தத் தேதி அடிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க, மருந்துக் கவர் இருந்தா அதையும் சேத்து.